இடம் விட்டு வாசித்தவர்

கிட்டார் கலைஞர் ஒருவர் தனி ஆல்பம் போடுகிறார் என்றால் நம்மில் பலருக்கு உள்ளூர ஒரு பயம். குழுவில் இத்தனை நாள் அடக்கி வைத்த சோலோ எல்லாம் அங்கே கொட்டப்படும். மெல்பர்னின் ரோலண்ட் எஸ். ஹோவர்ட் 1999இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பம், 'டீனேஜ் ஸ்னஃப் ஃபிலிம்', அந்தப் பயத்தைப் பொய்யாக்கியது. பல ஆண்டுகள் பிறர் குரலுக்குப் பின்னால் நின்றவர், மைக் தன் கைக்கு வந்தபோது கிட்டாரை ஓரமாக நிறுத்தினார்.

'ஷிவர்ஸ்' பாட்டை எழுதும்போது அவருக்கு 16 வயது. 1978இல் 'பாய்ஸ் நெக்ஸ்ட் டோர்' குழுவில் சேர்ந்தார்; மறு ஆண்டு அந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தவர் குழுவின் பாடகர் நிக் கேவ். 1980இல் லண்டன் போன அதே குழுதான் 'பர்த்டே பார்ட்டி'. 'ஜங்க்யார்ட்' (1982) ஆல்பத்தைக் கேளுங்கள்: பாட்டைத் தாங்குவது பேஸ். ஹோவர்டின் கிட்டார் கார்டு பிடித்துக்கொண்டு கூடவே நடப்பதில்லை. குறுக்கே கீறும், கிறீச்சிடும், சட்டென்று விலகிவிடும்.

என்ன பெடல் என்று கேட்பவர்களுக்கு: வெள்ளை ஃபெண்டர் ஜாகுவார், ட்வின் ரிவர்ப் ஆம்ப், எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் ப்ளஸ், எம்எக்ஸ்ஆர் ப்ளூ பாக்ஸ். அவ்வளவுதான். 1975இல் தயாரிப்பு நின்றுபோன ஜாகுவாரை அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை (இன்றைய பழைய ஜாகுவார் விலையைப் பார்த்தால் நம்ப முடியாது). ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஸ்கேல் நீளம் 25.5 அங்குலம், இதற்கு 24. கம்பியின் இறுக்கம் குறையும். அழுத்தி அடித்தால் ஸ்வரம் லேசாக ஆடும். அடி ஒலியை வெட்டும் ஸ்விட்ச் ஒன்றும் உண்டு. ட்வின் எளிதில் கரகரக்காத ஆம்ப். சத்தத்தைக் கூட்டினாலும் ட்ரெபிள் கத்தி மாதிரி தெளிவாக நிற்கும். ப்ளூ பாக்ஸ் இரண்டு ஆக்டேவ் கீழே ஒரு நிழல் ஸ்வரத்தைச் சேர்க்கும். இவ்வளவையும் வாங்கி மாட்டினாலும் வலது கை அவருடையது ஆகிவிடாது.

1983இல் பர்த்டே பார்ட்டி கலைந்தது. 'க்ரைம் அண்ட் தி சிட்டி சொல்யூஷன்' குழுவில் அவர் வாசிப்பதை விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' (1987) படத்திலேயே பார்க்கலாம். பிறகு 'தீஸ் இம்மார்ட்டல் சோல்ஸ்' என்று சொந்தக் குழு, இரண்டு ஆல்பங்கள். விற்பனை பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இனி 1999. தயாரிப்பு லிண்ட்சே க்ரவினா. பேஸ் ப்ரையன் ஹூப்பர், டிரம்ஸ் மிக் ஹார்வி. ஹார்வி பர்த்டே பார்ட்டியில் ஹோவர்டுக்குப் பக்கத்தில் கிட்டார் வாசித்தவர். இந்தக் கிட்டார் எங்கே நுழையும் என்று அவருக்குத் தெரியும்; டிரம்ஸில் உட்கார்ந்தும் அந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறார். ஹோவர்டின் குரல் தாழ்ந்தது, வறண்டது, எட்டும் தூரம் குறைவு. கிட்டார் மேலே, குரல் கீழே: இரண்டும் ஒரே அலைவரிசைக்குப் போட்டி போடுவதே இல்லை. நம் ஸ்டுடியோக்களில் மிக்ஸிங் மேசையில் ஈக்யூவை வெட்டி வெட்டிச் செய்கிற வேலை, இங்கே பாட்டை அமைக்கும்போதே முடிந்துவிட்டது. 'டெட் ரேடியோ' இதற்கு நல்ல பாடம்.

பிறர் பாட்டு இரண்டு உண்டு. பில்லி ஐடலின் 'ஒயிட் வெட்டிங்'கிலிருந்து பகட்டை உரித்து, உள்ளே இருந்த மிரட்டலை வெளியே எடுத்திருக்கிறார். 'ஷி க்ரைட்' எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை. மூலத்தின் மிகையான சோகத்தை அவரும் கொஞ்சம் ரசித்துவிட்டார்.

அடுத்த தனி ஆல்பம் 'பாப் க்ரைம்ஸ்' வர பத்து ஆண்டுகள் ஆயின. அது 2009 அக்டோபரில் வந்தது. கல்லீரல் புற்றுநோயால் அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று அவர் இறந்தார். வயது 50.

மாணவர்கள் பெரும்பாலும் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஸ்லீப் அலோன்' முடிவில் வரும் ஃபீட்பேக்கை மட்டும் வெட்டி எடுத்துப் பழகுகிறார்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு அது. முதலிலிருந்து போட்டு, கிட்டார் எந்தெந்த அடியில் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு ஆம்பை ஆன் செய்யட்டும்.