எண்ணெய்க்கு வரி குறையட்டும், பூண்டுக்கு இருக்கட்டும்

வியாழனும் ஞாயிறும் வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை ஒட்டிய இந்தப் பேரூராட்சிக்கு மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி என்று கொடைக்கானல் மேல்மலையிலிருந்து மலைப்பூண்டு இறங்குகிறது. மத்தியப் பிரதேசத்திலிருந்தும் இமாசலப் பிரதேசத்திலிருந்தும் லாரி லாரியாக வடநாட்டுப் பூண்டு வந்து சேர்கிறது. தாள் அறுத்து, மண் உதிர்த்து, பெருவட்டு, சிறுவட்டு என்று பிரித்து மூட்டை கட்டும் வேலையில் பெண்களே அதிகம். கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பும் அதே பெண், போகிற வழியில் மளிகைக் கடையில் எண்ணெய் பாக்கெட்டும் பருப்பும் வாங்குகிறார். இறக்குமதி வரியைக் குறைப்பது ஏழைக் குடும்பத்துக்கு நல்லதா கெட்டதா என்று டெல்லியில் நடக்கும் வாதத்துக்கு இந்தத் தெருவில்தான் விடை தேட வேண்டும்.

வரி குறைந்தால் விலை குறையும், விலை குறைந்தால் குடும்பம் பிழைக்கும் என்பது ஒரு தரப்பு. வரி குறைந்தால் வெளிநாட்டுச் சரக்கு குவியும், உள்ளூர் விவசாயி அழிவான் என்பது மறு தரப்பு. இரண்டுமே நாட்டை மொத்தமாகப் பார்த்துச் சொல்லப்படுபவை. குடும்பத்தை அளக்க வேறு கணக்கு உண்டு. 2015இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன், தாய்லாந்தின் அரிசி விலையை ஆராய்ந்து 1989இல் எழுதிய கட்டுரையில் அதைக் காட்டினார். ஒரு குடும்பம் அந்தப் பொருளை எவ்வளவு விற்கிறது, எவ்வளவு வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். விற்பது அதிகமானால் விலை இறக்கம் நட்டம். வாங்குவது அதிகமானால் லாபம். இதனோடு கூலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலான வீடுகள் எதையும் விற்பதில்லை, உழைப்பைத் தவிர.

இந்தக் கணக்கை முதலில் சமையல் எண்ணெய்க்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில், அர்ஜென்டினாவின் சோயா எண்ணெய், ரஷ்யா, உக்ரைனின் சூரியகாந்தி எண்ணெய் ஆகியவைதான் நம் வாணலியில் காய்கின்றன. 2024 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு, சுத்திகரிக்காத கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரியைப் பூஜ்ஜியத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தியது. செஸ் வகையறாவைச் சேர்த்தால் மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாயிற்று. சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 சதவீதம். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது இது நடந்தது. முறுக்கு சுடும் வீடுகளிலெல்லாம் அந்த உயர்வு தெரிந்தது. பிறகு 2025 மே இறுதியில் கச்சா எண்ணெயின் அடிப்படை வரி 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, மொத்த வரி 16.5 சதவீதத்துக்கு இறங்கியது.

வரியை ஏற்றியதற்கு அரசிடம் காரணம் இருந்தது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்தின் சோயா விவசாயிகளுக்குச் சந்தையில் குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் கிடைக்கவில்லை. அவர்களுடைய துயரம் உண்மையானது, உதவி தேவைதான். ஆனால் அந்த உதவிக்கான பணத்தை யாரிடமிருந்து எடுப்பது? ஆதரவு விலையில் அரசே நேரடியாகக் கொள்முதல் செய்தால் செலவு பொதுக் கருவூலத்தின்மேல், அதாவது வசதிக்கேற்ப வரி கட்டுவோர்மேல் விழும். எண்ணெய் வரியை ஏற்றினால் வடுகபட்டியில் பூண்டு பிரிக்கும் பெண்ணின் மேலும் அதே அளவு விழும். வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பாரம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் தருகிறார்களே என்று கேட்கலாம். 2007 முதல் தமிழ்நாடு அதைத் தருகிறது, கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் தருகிறது. அந்த ஒரு பாக்கெட் அளவுக்கு உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் டெல்லியின் வரியையும் மாநில அரசின் மானியம் தாங்கிக்கொள்கிறது. வரி ஏறினால் அட்டைதாரருக்கு விலை ஏறாது, மாநிலத்தின் செலவு ஏறும். மத்திய அரசு வசூலிக்கும் வரியை மாநில அரசு மானியமாகக் கொடுத்து ஈடுகட்டுகிறது என்பதுதான் இதன் பொருள். அந்த ஒரு லிட்டர் தீர்ந்த பிறகு குடும்பம் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே மானியம் இல்லை.

வரியைக் குறைத்துவிட்டால் விலை தானாக இறங்கிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. 2021 அக்டோபரில் கச்சா எண்ணெய்களின் அடிப்படை வரி முற்றிலும் நீக்கப்பட்டது. ஆனால் சில மாதங்களிலேயே உக்ரைன் போர் வந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. கடையில் சூரியகாந்தி எண்ணெய் லிட்டர் 200 ரூபாயை நெருங்கியது. உலக விலை ஏறும்போது வரிக்குறைப்பு காயத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. உலக விலை இறங்கும்போதும் குறைப்பின் பலன் முழுதாக வீடு வந்து சேர்வதில்லை. இறக்குமதியாளர், சுத்திகரிப்பு ஆலை, மொத்த வியாபாரி என்று ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. 2025 குறைப்பின்போது பலனை மக்களுக்குக் கொடுங்கள் என்று உணவுத் துறை நிறுவனங்களுக்குச் சொல்லவேண்டி வந்ததே இதற்குச் சாட்சி.

நிலக்கடலை விவசாயியை இந்த இடத்தில் மறந்துவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. 1994இல் பாமாயில் இறக்குமதி 65 சதவீத வரியுடன் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டே வரி 30, பிறகு 20, 1998இல் 15 சதவீதம். அந்த வேகத்தில் ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் எப்படி மாற்றுப் பயிருக்குப் போவார்? தமிழ்நாட்டில் நிலக்கடலைப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. மழைக்குறைவும் ஆள் பற்றாக்குறையும் அதற்குக் காரணம்தான். பாமாயிலுக்கும் அதில் பங்கு உண்டு. குறைத்ததைவிட, முன்னறிவிப்பும் மாற்று ஏற்பாடும் இல்லாமல் குறைத்ததே பெரிய தவறு. இன்று தேனி மாவட்டத்தில் எண்ணெய் வித்தை விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் குறைவு. எண்ணெய் வாங்காத குடும்பமோ கிடையாது. ஆகவே எண்ணெய்க்கு வரி குறைவாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும் என்பது நம் நிலை.

பூண்டுக்கு அதே கணக்கைப் போட்டால் வேறு விடை வருகிறது. பூண்டுக்கு இறக்குமதி வரி 100 சதவீதம். அதோடு, பூஞ்சை நோய் வந்துவிடும் என்ற அச்சத்தால் சீனப் பூண்டுக்கு 2014 முதல் தடையும் உள்ளது. உலகில் அதிகம் பூண்டு விளைவிக்கும் நாடு சீனா. 2024 தொடக்கத்தில் கடைகளில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, தடையை நீக்கு, வரியைக் குறை என்ற குரல் எழுந்தது. விலை ஏறும்போதெல்லாம் அது எழும்.

மாதம் அரைக் கிலோ பூண்டு வாங்கும் வீட்டுக்கு, கிலோவுக்கு 100 ரூபாய் குறைந்தால் மிச்சம் 50 ரூபாய். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள் மண்டி வேலை போனாலும் அந்த 50 ரூபாயும் போய், கையிலிருந்தும் போகும். சீனப் பூண்டு தரம் பிரித்து, வலைப்பையில் கட்டப்பட்டே வரும். துறைமுகத்தில் இறங்கி நேரே பெருநகரங்களுக்குப் போகும். வடுகபட்டியில் பிரிக்கவோ மூட்டை கட்டவோ அதில் ஒன்றுமில்லை. எண்ணெயில் மாதம் மூன்று லிட்டருக்கு, லிட்டருக்கு 20 ரூபாய் வீதம் 60 ரூபாய் மிச்சமானால், அதே வீட்டில் அதற்கு எதிராகக் கழிக்க எதுவும் இல்லை. மிச்சமாகும் தொகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கழிக்க வேண்டியதுதான் வேறு.

நோய் அச்சமும் வெறும் சாக்கு அல்ல. நெல்லைப் போலத் தனி விதை பூண்டுக்கு இல்லை, பல்லே விதை. சந்தைக்கு வரும் பூண்டு விதையாகவும் காட்டுக்குப் போய்விடும். மேல்மலைக்காரர்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நேபாள எல்லை வழியாகக் கடத்திவரும் சீனப் பூண்டு அந்த மலைக்கு ஏறிவிட்டால் குறியீட்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் வரி மட்டுமே விவசாயியைக் காப்பாற்றிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பதும் தவறு. இதே 100 சதவீத வரியும் இதே தடையும் இருந்த 2022இல்தான் மத்தியப் பிரதேச மண்டிகளில் பூண்டு கிலோ சில ரூபாய்க்குச் சரிந்தது. கட்டுப்படியாகாமல் விவசாயிகள் ஓடைகளில் கொட்டினார்கள். இரண்டே ஆண்டில் அதே பூண்டு 400 ரூபாய். விளைச்சல் மிகுந்தால் விவசாயி அழுகிறார், குறைந்தால் வாங்குபவர் அழுகிறார். வரி இரண்டு பேருக்கும் உதவவில்லை. 2018இல் ராஜஸ்தானில் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டால் 3,257 ரூபாய்க்குப் பூண்டு வாங்க மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அத்தகைய ஏற்பாடு மேல்மலைப் பூண்டுக்கு ஏன் தயாராக இருக்கக் கூடாது?

ஏலக்காய்க்கும் இதே நியாயம்தான். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களுக்கு ஏலக்காய் சொந்தமில்லை. ஆனால் களையெடுப்புக்கும் காயெடுப்புக்கும் எத்தனை நாள் கூப்பிடுவார்கள் என்பதை ஏல விலை தீர்மானிக்கிறது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், மூன்றாண்டுக்குள் சராசரியாக ஆயிரத்தைச் சுற்றி வந்துவிட்டது. போட்டியாளரான குவாத்தமாலாவின் சரக்கு உள்ளே வர வழி திறந்தால் முதலில் குறைவது தோட்டக்காரரின் செலவு, அதாவது இந்தப் பெண்களின் வேலை நாள்.

வேலை போனால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் சொல்வதுண்டு. நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார் பொருளாதார ஆய்வாளர் பெட்யா டோபலோவா. 1990இல் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த சராசரி இறக்குமதி வரி 1996இல் 37 சதவீதமாகக் குறைந்தது. அதன் விளைவை அவர் மாவட்டவாரியாக ஆராய்ந்தார். வறுமை நாடெங்கும் குறைந்தது. ஆனால் வரிக்குறைப்பின் அடி அதிகம் விழுந்த கிராமப்புற மாவட்டங்களில் அது மெதுவாகவே குறைந்தது. அங்கிருந்தவர்கள் எளிதில் ஊரையோ தொழிலையோ மாற்றிக்கொண்டு போகவில்லை. பிள்ளைகளின் பள்ளி, வாங்கிய கடன், முதியோர், ரேஷன் அட்டை என்று மனிதர்களை ஊரோடு கட்டிப்போடுவது எத்தனையோ. கம்பம் பள்ளத்தாக்கில் இதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை.

பிரிட்டனுடன் 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிற நாடுகளுடன் பேச்சு ஓய்ந்தபாடில்லை. எந்த மேசையில் எந்தப் பொருள் பேரத்துக்கு வைக்கப்படும் என்பது விவசாயிக்குக் கடைசியில்தான் தெரிகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும். விவசாயப் பொருளின் வரியை மாற்றும் ஒவ்வோர் அறிவிப்பும் விதைப்புக்கு முன்பே வெளிவர வேண்டும். பட்டாணிப் பருப்புக்கு 2023 டிசம்பரில் தொடங்கிய வரிவிலக்கைத் தவணை தவணையாக நீட்டித்ததுபோல், அறுவடை நேரத்தில் தலையில் இறங்கக் கூடாது. அந்தப் பொருளை நம்பியுள்ள மாவட்டங்கள் எவை, அங்கே விற்பவர் எத்தனை பேர், வாங்குபவர் எத்தனை பேர், கூலிக்காரர் எத்தனை பேர் என்ற கணக்கு அறிவிப்போடு இணைக்கப்பட வேண்டும். தேசிய மாதிரி ஆய்வு குடும்பச் செலவு விவரங்களைத் திரட்டித்தான் வைத்திருக்கிறது. பயன்படுத்துவதற்குத்தான் மனம் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 பட்ஜெட்டில் வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ் என்ற ஒன்று வந்தது. 2025இல் எண்ணெயின் அடிப்படை வரி குறைந்தபோதும் இந்த 5 சதவீத செஸ் அப்படியே நிற்கிறது. செஸ் என்பதால் இதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. விவசாயத்தின் பெயரால் வசூலிக்கப்படும் இந்தப் பணத்தை, இறக்குமதியான கச்சா எண்ணெயிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் கட்டுகிறது. வடுகபட்டிக்கு வெயிலும் மழையும் படாமல் பூண்டு பிரிக்கக் கூரையிட்ட கூடங்கள் வேண்டும். மேல்மலைக்கு, ஈரம் ஏறாமல் பூண்டை மாதக்கணக்கில் காத்து நல்ல விலைக்குக் காத்திருக்க உலர்த்து கொட்டகைகளும் நோயற்ற விதைப்பூண்டுப் பண்ணையும் வேண்டும். இந்த செஸ்ஸில் தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கு இதுவரை எவ்வளவு வந்தது என்று இரு தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களும் வரும் கூட்டத்தொடரிலேயே எழுத்துப்பூர்வமாகக் கேள்வி எழுப்பிப் பதில் பெற வேண்டும்.