கூறைச் சட்டைக்கு எந்தக் கழுத்து?

கலியாணப் பொம்பிளைக்கு எந்தக் கழுத்து வடிவாயிருக்கும் எண்டு இணையத்தில தேடினால் முதல்ல வாறது ஒரு பழக்கடை. நீங்கள் அப்பிளா, பேரிக்காயா, இல்லாட்டி மணற்கடிகாரமா எண்டு கேட்பினம். அப்பிள் எண்டால் வி கழுத்து வையுங்கோ, நீளமாத் தெரியும். பேரிக்காய் எண்டால் போட் நெக், தோள் அகலமாத் தெரியும். மணற்கடிகாரம் எண்டால் எதையும் போடலாமாம், அவவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்த அட்டவணைகளில முக்கால்வாசி வெள்ளைக் கவுணுக்கு எழுதினது. 2018இல மேகன் மார்க்கிள் தன்ர கலியாணத்துக்குப் போட்டதை நினைச்சுப் பாருங்கோ. தோளில இருந்து தோளுக்கு நேரா ஓடுற போட் நெக், வேலைப்பாடில்லாத வெள்ளைத் துணி, கழுத்தில ஒரு சங்கிலிகூட இல்லை. அப்பிடி ஒரு உடுப்பில கண் முதல்ல போறது கழுத்து வெட்டுக்குத்தான். அதுக்காக மணித்தியாலக்கணக்கா யோசிக்கிறதில நியாயம் இருக்கு.

எங்கட கூறைச் சேலைக்கு வாங்கோ. இடது தோளிலயும் நெஞ்சின்ர பாதியிலயும் முந்தானை. மிச்சப் பாதியில அட்டியல், அதுக்குக் கீழ பதக்கம். தாலி கட்டினாப் பிறகு விரல் மொத்தத்தில தாலிக்கொடி. எல்லாத்துக்கும் மேல இடுப்புவரை தொங்கிற பூமாலை. ஆகக் கூடப் படம் எடுக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில முன் கழுத்து எண்டு ஒண்டு கண்ணுக்குத் தெரியாது. எத்தினை அல்பத்தை வேணுமெண்டாலும் புரட்டிப் பாருங்கோ. பிளவுஸில தெரியிறது வலது கை, கை இறங்கிற இடம், திரும்பி நிண்டால் முதுகு. அவ்வளவுதான்.

அதுக்காக கழுத்து வெட்டைப் பற்றிச் சொல்லுறதெல்லாம் பொய் எண்டு நான் சொல்லேல்லை. கண் கோட்டுக்குப் பின்னால போகும். வி வெட்டு பார்வையைக் கீழ கொண்டுபோகும், கழுத்துக் குட்டையா இருக்கிற ஆக்களுக்கு அது உதவும். நேர் வெட்டு பார்வையை ரெண்டு பக்கமும் இழுக்கும், ஒடுங்கின தோளுக்கு நல்லது. ஆனா தைக்கிற ஆக்களிட்டக் கேட்டால் அவை பழக்கதை கதைக்க மாட்டினம். தோள் சரிவா, நேரா எண்டுதான் முதல்ல பார்ப்பினம். சரிஞ்ச தோளுக்கு முன்னாலயும் பின்னாலயும் அகலக் கழுத்து வைச்சால் சட்டை வழுகிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் அகலமா வேணுமெண்டால் முன்பக்கத்தை ஒடுக்கவேணும், இல்லாட்டி முதுகில குறுக்கால ஒரு கயிறு வைச்சுக் கட்டவேணும். அந்தக் குஞ்சம் வைச்ச கயிறு வெறும் அலங்காரத்துக்கு வந்தது எண்டு கனபேர் நினைக்கினம். அது சட்டையைத் தோளில பிடிச்சு வைக்கிற சாமான். நெஞ்சு பெரிசான ஆக்களுக்கு ஆழமும் அகலமும் சேர்ந்து வந்தால் குனியேக்க கழுத்து வாயைப் பிளக்கும். ஆழத்தைக் குறைக்கவேணும், இல்லாட்டி டாட் பிடிச்சுச் சரியாத் தைக்கவேணும். எல்லாம் உடம்பைப் பற்றின கதைதான். ஆனா "எதை மறைக்கிறது" எண்ட கதை இல்லை, "எது வழுகாமல் நிக்கும்" எண்ட கதை.

கலியாணம் எண்டுறது அசையாமல் நிக்கிற வேலையும் இல்லை. கூறையைத் தட்டில வைச்சுக் குடுத்த உடன பொம்பிளை எழும்பிப் போய் உடுப்பு மாத்தி வரவேணும். வெளியில ஐயரும் முகூர்த்தமும் காத்துக்கொண்டு நிக்கும். அந்த நேரத்தில முதுகில பதினைஞ்சு துணிப் பொத்தான் வைச்ச சட்டையை, தலை நிறையப் பூவும் சடையுமா இருக்கிற ஒரு ஆளுக்குப் பூட்டிப் பாருங்கோ. முன்பக்கக் கொளுக்கி எண்டால் அவவே பூட்டிப்போட்டு வந்திடுவா. பிறகு தாலி. சுரையைப் பூட்டுறது பிடரிக்குப் பின்னால. அங்க ஏற்கனவே பூ, சடை, அட்டியல் கயிறு எல்லாம் இருக்கு, இதுக்குள்ள உயர்ந்த கொலரும் இருந்தால் மாப்பிள்ளையின்ர விரலுக்கு இடம் எங்க? பின்னால நிக்கிற மச்சாள்தான் பூட்டிவிடவேணும். அதுக்குப் பிறகு அம்மி மிதிக்கக் குனியவேணும், குடத்துக்குள்ள மோதிரம் தேடவேணும், பெரியாக்கள் எல்லாற்றையும் காலில விழவேணும். கமரா முன்னால நிக்கும். ஏழு இஞ்சி ஆழம் நிமிர்ந்து நிக்கேக்க ஒண்டு, காலில விழேக்க இன்னொண்டு. ஒரு கையால நெஞ்சைப் பொத்திக்கொண்டு கும்பிடுற பொம்பிளையளை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம்.

அப்ப ஏன் இவ்வளவு பதற்றம்? எனக்கு விளங்கினவரையில கழுத்து வெட்டு ஒரு சாட்டு. அளவு எடுக்கப் போற நாளில இருந்து அந்தப் பிள்ளையின்ர உடம்பைப் பற்றிக் கதைக்க எல்லாருக்கும் லைசென்ஸ் கிடைச்சிடும். என்ர ஒண்டுவிட்ட அக்காவோட நான் போன அண்டு, டேப்பைக் கழுத்தில போட முதலே ஒரு மாமி சொன்னா, "கழுத்தை இறக்காதை பிள்ளை, முகத்துக்குப் பவுடர் அடிச்சாலும் முதுகு கறுப்பாத் தெரியும்." இன்னொரு ஆள், "கை மொத்தம், முழங்கைவரை வை." அக்காவுக்குக் கூடின வெக்கையில முழங்கைவரை பட்டும் லைனிங்கும். கடைசியில சின்னம்மா, "இன்னும் ரெண்டு மாசம் இருக்குத்தானே, மெலிஞ்சிடுவாள், பிடிச்சுத் தையுங்கோ." அக்கா ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அண்டு இரவு சோறு சாப்பிடேல்லை, அடுத்த நாளும் இல்லை.

எனக்குக் கோபம் வாறது இந்த இடத்திலதான். இல்லாத உடம்புக்குச் சட்டை தைச்சுப்போட்டு, இருக்கிற உடம்பைப் பட்டினி போட்டு அதுக்குள்ள தள்ளுறம். மாப்பிள்ளையின்ர வேட்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவருக்கு வண்டி இருந்தால் "கலியாணக் களை" எண்டு சிரிப்பினம்.

கிறிஸ்தவக் கலியாணங்களில கதை வேற மாதிரி. வெள்ளைக் கவுணோ வெள்ளைச் சாறியோ, கோயிலுக்குள்ள தோள் மூடியிருக்கவேணும் எண்டு கன இடங்களில சுவாமிமார் முதலே சொல்லிவிடுவினம். அதால லேஸில கையும் கழுத்தும் வைச்சுத் தைக்கிறது, இல்லாட்டிக் கழட்டக்கூடிய ஒரு சின்ன ஜக்கெட், பிறகு வரவேற்புக்கு அதைக் கழட்டுறது. 2011இல கேட் மிடில்டன் போட்ட லேஸ் கைக் கவுண் இதுக்குத் தோதான மாதிரி, வி கழுத்து, ஆனா தோளும் கையும் மூடி. அங்கயும் கழுத்தை முடிவுசெய்யிறது அப்பிளும் பேரிக்காயும் இல்லை, கோயிலும் சுவாமியும்தான்.

இனிமேல் ஆராவது உங்களை அளவு எடுக்கக் கூட்டிக்கொண்டு போனால், கூடப் போற ஆக்களின்ர எண்ணிக்கையைக் குறையுங்கோ. ஒராள் காணும். போட வேண்டிய நகையைக் கொண்டுபோய்க் கழுத்தில வைச்சுப் பாருங்கோ. அட்டியல் கழுத்தெலும்போட ஒட்டி நிக்கிறதெண்டால் போட் நெக்கின்ர ஓரம் அதோட முட்டும், அதில ஆரி வேலையும் செய்தால் ரெண்டும் தெரியாது. ஆழத்தை நிண்டு மட்டும் அளக்க விடாதையுங்கோ. கதிரையில இருந்து, குனிஞ்சு, கை ரெண்டையும் மாலை போடுற மாதிரித் தூக்கிப் பாருங்கோ. அண்டைக்கு இருக்கிற உடம்புக்குத் தைக்கச் சொல்லுங்கோ. உள்தையலில ஒரு இஞ்சியாவது விடச் சொல்லுங்கோ, ரெண்டு வருசம் கழிச்சு இன்னொரு கலியாண வீட்டுக்கு அதே சட்டையைப் பிரிச்சுப் போடலாம். கூறையோட வாற பிளவுஸ் துண்டு சில நேரம் அதுக்குக் காணாது. சாறியை வெட்ட முதல் அதையும் அளந்து பாருங்கோ.