மானியம் நிலத்துக்கு, மரம் சீவும் கைக்கு?

தோட்டப் பாட்டாளிகளே!

“ரப்பர் விலை விழுந்தா கம்பத்துக்காரருக்கு அரசாங்கம் காசு கொடுக்குதாமே, நமக்கு ஏன் வரல?” காஜாங், செமினி வட்டாரத்தில் நம்மவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

அந்தக் காசுக்கு ரப்பர் உற்பத்தி ஊக்குவிப்புத் தொகை என்று பெயர். கட்டிப்பால் விலை ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், குறைகிற காசை அரசாங்கம் ஈடு கட்டும். 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந்த அளவைக் கிலோவுக்கு 2 வெள்ளி 70 காசிலிருந்து 3 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். கணக்கு சுலபம். விலை 2 வெள்ளி 60 காசு என்றால் மிச்சம் 40 காசு அரசாங்கத்துடையது.

யாருக்குக் கிடைக்கும்? சிறு தோட்டக்காரருக்கும், அவர் தோட்டத்தில் மரம் சீவுகிறவருக்கும். இருவருமே மலேசிய ரப்பர் வாரியத்தின் பெர்மிட் அட்டை வைத்திருக்க வேண்டும். எஸ்டேட்டில் சம்பளத்துக்குச் சீவுகிறவருக்கு இதில் இடமில்லை.

சிறு தோட்டக்காரர் மீது நமக்குப் பொறாமை கிடையாது. அவரும் மழை பெய்தால் அடுப்பு எரியாத ஏழைதான். ஆனால் “எஸ்டேட்காரனுக்குச் சம்பளம் இருக்கிறது, விலை விழுந்தால் அவனுக்கு என்ன நட்டம்?” என்று சொல்வார்களே, அதை நாம் ஏற்க முடியாது. ரப்பர் விலை இறங்கினால் சம்பளமும் இறங்கும்படி ஒப்பந்தம் போட்டிருந்த காலத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளும் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அது நம் உழைப்புக்குக் கூலி, மானியம் அல்ல.

இந்தப் பாகுபாடு நேற்று வந்ததல்ல. காஜாங் பக்கம் இன்ச் கென்னத் தோட்டத்தில் 1890களிலேயே கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் நட்டார்கள். அந்த மரங்கள் கிழடு தட்டிய பிறகு நாடு முழுக்க மறுநடவு தேவைப்பட்டது. 1952இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது வரி பிடித்து, அந்தப் பணத்தை மறுநடவுக்காக எஸ்டேட்டுகளுக்கும் சிறு தோட்டங்களுக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். 1973இல் ரிஸ்டா அமைந்து, 100 ஏக்கருக்குக் குறைந்த ரப்பர் தோட்டங்களைக் கவனிக்கத் தொடங்கியது.

வரி பிடித்த அந்த ரப்பரைச் சீவியது யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, காண்டா வாளி சுமந்த நாம்தான். கிராண்ட் வைத்திருந்தவருக்கு மறுநடவுப் பணம் வந்தது. கன்று பால் தர 6 வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை சீவுகிறவன் எதைச் சாப்பிடுவான் என்று அந்த நிதி கேட்கவில்லை. பிறகு செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். அதன் பிறகு வீடமைப்புக்காரர்கள் வந்தார்கள்.

வேலை நிறுத்தப்பட்டால் நமக்குள்ள உரிமை 1980ஆம் ஆண்டு பணிநீக்க விதிகள்தான். 2 வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 வருஷத்துக்குள் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். 20 வருஷம் உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம். அதோடு லயத்து வீடும் போய்விடும்.

ஆகவே இரண்டு காரியம் செய்வோம். முதலாவது, சிறு தோட்டத்தில் வாரத்துக்குச் சீவுகிறவர்கள் தங்கள் பெயரிலேயே பெர்மிட் எடுங்கள். நிலக்காரர் பெயரில் மட்டும் பால் போட்டால் உங்கள் பங்கு ஏட்டில் ஏறாது. விற்ற ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது, தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தோட்டத்துக்கு அரசாங்கப் பணமோ சலுகையோ போகும்போது, அங்கே உழைப்பவரின் வேலைக்கும் வீட்டுக்கும் உத்தரவாதம் எழுத்தில் இருக்க வேண்டும். வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவரிடமும் இதையே கேளுங்கள். நாம் கேட்பது தர்மம் அல்ல. நாம் இறக்கிய பாலிலிருந்து எடுத்த பணத்தில் நம் பங்கு.