ரூ. 6.78-க்குள் மதிய உணவு: முட்டைச் செலவு யார் பொறுப்பு?

புது தில்லி: பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு வழங்கும் தேசியத் திட்டத்தை 1995 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசு தொடங்கியபோது, பெரும்பாலான மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியத்தைக் கையில் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவுதான் சமைத்த உணவைக் கட்டாயமாக்கியது. 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது. ஆனால், தட்டில் என்ன விழ வேண்டும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்கிறது மத்திய அரசின் விதி. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம், 20 கிராம் பருப்பில் ஏறத்தாழ நாலரை கிராம் புரதம் கிடைக்கும். முட்டையோ பாலோ இல்லாமலேயே கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. தானியப் புரதத்தின் தரம் குறைவு என்பதும், பருப்பு தண்ணீராகிவிட்டால் அதுவும் இல்லை என்பதும் கோப்புகளில் இடம்பெறுவதில்லை. ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு கூறுகிறது. பள்ளிக்கு வருவோர் இவர்கள்தாம்.

தானியத்தை மத்திய அரசு இலவசமாகத் தருகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 2025 மே 1 முதல் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ரூ. 6.78 என நிர்ணயிக்கப்பட்டது. முந்தைய தொகையைவிட 59 காசு அதிகம். பெரும்பாலான மாநிலங்களில் இதில் 60 சதவீதம், அதாவது சுமார் 4 ரூபாய் மட்டுமே மத்திய அரசின் பங்கு. ஒரு முட்டையின் விலைக்கே இது போதாது. விலைவாசிக் குறியீட்டை வைத்துத் தொகை உயர்த்தப்படுவதாகக் கூறப்பட்டாலும், 2022 அக்டோபருக்குப் பிறகு அடுத்த உயர்வு 2024 டிசம்பரில்தான் வந்தது.

எனவே முட்டை மாநிலங்களின் விருப்பமாகிவிட்டது. தமிழகத்தில் 1989-லேயே சத்துணவில் முட்டை இடம்பெற்றது. கர்நாடகத்தில் 2021-ல் பின்தங்கிய வடக்கு மாவட்டங்களில் முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம் தரப்பட்டும் எதிர்ப்பு அடங்கவில்லை. அதே மாநிலத்தில் வாரத்தில் ஆறு நாள் முட்டை என்பது 2024-ல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நிதியால்தான் சாத்தியமானது. மகாராஷ்டிர அரசோ முட்டைக்கான நிதியை 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டு, வேண்டுமானால் பள்ளிகள் பொதுமக்களிடம் திரட்டிக்கொள்ளலாம் என்றது. மத்தியப் பிரதேசத்தில் 2015-ல் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை அப்போதைய முதல்வர் சிவராஜ் சிங் சௌஹான் ஏற்கவில்லை. இதைக் கட்சி வேறுபாடாக மட்டும் பார்க்க இயலாது. பாஜக கூட்டணி ஆளும் பிகாரில் வாரம் ஒரு முட்டை வழங்கப்படுகிறது. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. குழந்தையின் புரதம் மட்டும் மாநில எல்லையில் மாறுகிறது.

சமைப்பவர்களின் நிலை இதைவிட மோசம். பெரும்பாலும் ஏழைப் பெண்களான இவர்களுக்கு மாதம் ரூ. 1,000 மதிப்பூதியம் என 2009-ல் முடிவானது. அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மட்டுமே. நாடாளுமன்ற நிலைக்குழு உயர்த்தக் கோரியும் பலனில்லை. 2013-ல் பிகாரின் சாரண் மாவட்டப் பள்ளியில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்த பிறகும், சமையலறைப் பணியாளரின் ஊதியத்தை தில்லி தொடவில்லை. அதே பிகாரில் 2025 ஆகஸ்டில், பேரவைத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, மதிப்பூதியத்தை ரூ. 1,650-லிருந்து ரூ. 3,300 ஆக இரட்டிப்பாக்கினார் முதல்வர் நிதீஷ் குமார். கூடுதல் தொகை மாநிலக் கருவூலத்தின் பொறுப்பு. மத்திய அரசின் பங்கு அதே 600 ரூபாயாகவே இருந்தது.