நிலையற்றவர் யார்?

ஓரிடத்து நில்லாதவனை நம் ஊரார் எளிதில் நம்புவதில்லை. தொழில் மாற்றுபவனையும் ஊர் மாற்றுபவனையும் 'நிலையற்றவன்' என்னும் ஒரே சொல்லால் அடக்கிவிடுவர். இப்பொழுது அச்சொல் உதைபந்தாட்ட வீரர் மேலும் விழக் கேட்கின்றேன். ஆற்றல் மிக்க மத்தியகள வீரர் ஒருவர் சில ஆண்டுகளில் நான்கைந்து கழகங்களுக்கு ஆடிவிட்டால், "கெட்டிக்காரன்தான், ஆனால் ஓரிடத்திலும் நிலைக்கமாட்டான்" என்கின்றனர். இத்தீர்ப்பு நீதியானதா என்பதே ஈண்டு யான் ஆராயப் புகும் பொருள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரவிபுத்தன்துறை என்றொரு மீனவர் ஊர் உண்டு. வள்ளம், வலை, மாதா கோயில், மணலில் உதைபந்து என்று நம் தீவகத்துக் கரையூர்களை நினைவூட்டும் கரை அது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அக்கரையோரத்து மீனவர் பலரைக் கடலோடு கொண்டுபோயிற்று. அவ்வூரிற் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். அப்பருவத்தில் அவர் சென்னை சிற்றிக் கழகத்துக்காக ஐ-லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்.

2018 இல் அவர் ஜம்ஷெட்பூர் சென்றார். 2019 இல் கொல்கத்தாவின் ஏ.ரி.கே. கழகத்தைச் சேர்ந்தார். அவ்வாண்டே தாய்லாந்தில் நிகழ்ந்த கிங்ஸ் கிண்ணப் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பெற்றார். 2020 மார்ச்சில் அவருடைய கழகம் இந்தியன் சுப்பர் லீக் வாகையைச் சூடிற்று. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பர் 20 ஆம் நாள், முழங்காலிற் காயமுற்று வெளியேறினார். அப்பருவம் முழுவதும் அவருக்கு இல்லையாயிற்று. பின்னர் ஒடிசா, அதன்பின் கோகுலம் கேரளா. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது நிலையற்ற வாழ்வாகவே தோன்றும்.

ஆயின் அவர் ஆடிய கழகங்களின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குக. சென்னை சிற்றி அவர் நீங்கிய அடுத்த பருவத்தில், 2018-19 இல், ஐ-லீக் வாகை சூடிற்று. 2021 இன் பின் அந்த லீக்கில் அதனைக் காணோம். ஏ.ரி.கே. 2014 இல் தோன்றி, 2020 இல் 1889 ஆம் ஆண்டின் பழங்கழகமாகிய மோகன் பகானோடு இணைந்தது. 2023 இல் தன் பெயரையும் இழந்தது. ஒடிசாக் கழகமோ 2019 வரை டெல்லி டைனமோஸ் என்ற பெயரோடு டெல்லியில் இருந்தது. 2025 ஜூலையில் இந்தியன் சுப்பர் லீக்கே ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்திவைக்கப்பட்டது. வீடே பெயர்ந்து நடக்க, அதனுள் இருந்தவனை 'நில்லாதவன்' என்பது என்ன வழக்கு?

இதிற் பெரிதும் இழப்பவர் மத்தியகள வீரரே. முன்னும் பின்னும் ஆடுவோரின் குணமறிந்து, அவர் ஓடப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே பந்தை அனுப்புவது அவர் தொழில். அவ்வறிவு பலநாட் பழக்கத்தால் வருவது. கழகம் மாறுந்தோறும் அவர் மீண்டும் அரிவரி வகுப்பில் இருக்க வேண்டியவராகின்றார்.

சங்கப் பனுவல் கற்றோர்க்கு இந்நிலை புதிதன்று. பாணரும் பொருநரும் புரவலரை நாடி ஊர்தோறும் சென்றனர். அச்செலவையே பொருளாகக் கொண்டு ஆற்றுப்படை என்னும் இலக்கியவகை எழுந்தது. இளவெளிமான் தரமறியாது கொடுத்த சிறுபரிசிலை மறுத்துக் குமணனை நாடிப் போனார் பெருஞ்சித்திரனார். அவரை நிலையற்றவர் என்று எவரும் இகழ்ந்ததில்லை. அவர் பெருமிதத்தையே போற்றினோம். புலவர்க்கு ஒரு நீதி, வீரர்க்கு ஒரு நீதியா?

மனம் நில்லாமையாற் கெடுவாரும் உளர் என்பதை மறுக்கிலேன். இங்கிலாந்தின் போல் காஸ்கொயின் 1990 உலகக் கிண்ணத்தில் உலகை வியக்க வைத்தவர். குடிப்பழக்கம் அவர் வாழ்வை அலைக்கழித்தது. அது இரங்கத்தக்க நோய். ஆனால் அந்நோய் வேறு, பிழைப்பைத் தேடிப் பெயர்தல் வேறு. இரண்டையும் ஒரே சொல்லாற் குறிப்பது சொற்குற்றமும் பொருட்குற்றமும் ஆகும்.

இதனை யான் நம் பிள்ளைகள் பொருட்டே எழுதுகின்றேன். 1990, 91 ஆம் ஆண்டுகளிற் போரினாற் பெயர்ந்த தீவகம் இன்னும் முழுமையாக நிறையவில்லை. நெடுந்தீவு மாணவன் யாழ்ப்பாணத்தில் ஆடவேண்டுமாயின் குறிகட்டுவான் வரை படகேறவேண்டும். கடல் கொந்தளித்தால் அன்று ஆட்டமில்லை. கொழும்பை அடைந்தாலும் நிலைபேறு உண்டா? 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே உலகச் சம்மேளனம் இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை அத்தடை நீடித்தது. இத்தகைய களத்தில் ஒரு பிள்ளை இரண்டு கழகம் மாறினால் அவன் குணத்தையா குறைகூறுவது?

ஆசிரியர்காள்! விடுகைப் பத்திரத்திலே 'நிலையான மனமில்லாதவர்' என்றெழுதுமுன் சற்றே பேனாவை நிறுத்துங்கள். அப்பிள்ளை நிற்பதற்கு நாம் எந்த நிலத்தைக் கொடுத்தோம் என்று வினவுங்கள். ஊர்க் கழகத்துக்கு ஒரு மைதானம், காயமுற்றவனுக்கு முறையான வைத்தியம், ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் சொல்ல ஒரு படித்த பெரியவர்: இம்மூன்றும் நம்மால் இயலாதனவல்ல. அவற்றைச் செய்தபின்னும் ஒருவன் நில்லானாயின், அப்போது அச்சொல்லை வழங்குவோம்.