பெண்பிள்ளைகளுக்கும் மிதக்கக் கற்றுக்கொடுப்போம்

எங்கள் வீடுகளில் தண்ணீரைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படுவது ஒரேயொரு பாடம்தான்: "தண்ணிப் பக்கம் போகாதே." கடலும் களப்பும் ஆறும் குளமும் சூழ்ந்த ஊர்களில் பிறந்தவர்கள் நாங்கள். கடல் மீன் சாப்பிட்டே வளர்ந்தோம். ஆனால் அந்தக் கடலில் தவறி விழுந்தால் ஒரு நிமிடம் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று எங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. பெற்றோர் அந்தப் பாடத்தை அன்பினால்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதே எனது கருத்து.

ஏன் போதாது? நாங்கள் தண்ணீரிடம் போகாவிட்டாலும் தண்ணீர் எங்களிடம் வருகிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமியில் இலங்கையில் 30,000 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். பாதிக்கப்பட்ட பல இடங்களில் இறந்தவர்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் என்று பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள் கூறின. பெண்கள் வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நீந்தத் தெரியாமல் இருந்தார்கள் என்று அவை காரணங்களையும் சொல்லின.

சில வேளைகளில் தண்ணீர்தான் எங்கள் பாதையாகவும் இருக்கிறது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்ததை நாம் மறக்க முடியாது. பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் அந்தப் படகில் போய் வந்தார்கள். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். 2024 நவம்பர் இறுதியில் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் உழவு இயந்திரம் அள்ளுண்டு போனபோது மத்ரஸா மாணவர்களை இழந்தோம். இவர்களில் யாரும் விளையாடுவதற்காகத் தண்ணீருக்குப் போனவர்கள் அல்லர். படிக்கப் போனவர்கள், படித்துவிட்டு வீடு திரும்பியவர்கள். மிதக்கத் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பில்லாத படகுக்கும் பாதைக்கும் பொறுப்பானவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் கையில் உள்ளதை நாங்கள் செய்திருக்கிறோமா என்ற கேள்வியும் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. கடந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் குடும்பமாகக் களப்பில் படகுச் சவாரி போய்த் திரும்பினோம். எந்த இறங்குதுறை என்பது இங்கு முக்கியமில்லை, நான் பார்த்த பல இறங்குதுறைகள் அப்படித்தான் இருக்கின்றன. படகை முன்பக்கம் ஒரு கயிற்றால் மட்டும் கட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். நான் ஒரு காலைக் கொங்கிறீட்டில் வைத்தபோது மற்றக் கால் நின்ற படகு பின்னால் விலகியது. இடைவெளி பெரிதாகி நான் நடுவில் விழுந்தேன்.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், உப்புத் தண்ணீர்தான் உள்ளே போனது. அபாயா முழங்காலைச் சுற்றிக்கொண்டது. கையையும் காலையும் அடிக்க அடிக்க இன்னும் கீழே போவது போலிருந்தது. அப்போது படகோட்டிக் காக்கா போட்ட சத்தம் கேட்டது: "அடிக்காத புள்ள! மல்லாந்து படு! வானத்தப் பாரு!" வேறெதுவும் தோன்றாததால் அப்படியே செய்தேன். தலையைப் பின்னால் சாய்த்ததும் காது இரண்டும் தண்ணீருக்குள் போயின, முகம் மேலே வந்தது. மூச்சு விட முடிந்தது. அவர் ஒரு வெற்றுக் கானைக் கயிற்றில் கட்டி எறிந்தார். ஆனால் சுவரில் பாசி, ஏணியும் இல்லை. அதனால் என்னை மேலே தூக்க முடியவில்லை. கானைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக இழுபட்டு, வள்ளங்களை ஏற்றும் சரிவில் கால் ஊன்றித்தான் வெளியே வந்தேன். அல்ஹம்துலில்லாஹ், காலில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான்.

அன்று என்னைக் காப்பாற்றியது யாரென்று தெரியாத ஒருவர் சொன்ன மூன்று சொல். அவர் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உம்மா இன்றும் கேட்கிறார். நான் வேறொன்று கேட்கிறேன். அந்த மூன்று சொல் பதினாறு வருடமாக ஏன் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை? எனது தம்பிக்குப் பதினொரு வயது. அவன் வாய்க்காலில் கூட்டாளிமாருடன் குதித்துக் குதித்தே மிதக்கப் பழகிவிட்டான். ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே தண்ணீர். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாதாரண தர விஞ்ஞானத்தில் மேலுதைப்பு பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆக்கிமிடிசின் தத்துவத்தை எழுதிப் புள்ளியும் எடுத்திருக்கிறோம். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது மனித உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிகக் கிட்டவாகவே இருக்கிறது. அதனால் பெரும்பாலானோர் அசையாமல் மல்லாந்து கிடந்தால் முகமாவது மேலே நிற்கும். பயத்தில் நிமிர்ந்து நின்று கைகளை மேலே தூக்கும்போதுதான் தலை கீழே போகிறது. தண்ணீருக்கு வெளியே தூக்கிய கைக்கு மேலுதைப்பு இல்லை, அதன் பாரம் முழுவதும் உடம்பைக் கீழே அமுக்குகிறது. பரீட்சைத் தாளில் நிறுவிக்காட்டியதை எங்கள் உடம்பில் ஒரு நாளும் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

நனைந்த ஆடை கல்லைப் போல ஆளைக் கீழே இழுத்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. தண்ணீருக்குள் இருக்கும்வரை நனைந்த துணியின் பாரம் மிகக் குறைவு. விழுந்த முதல் சில விநாடிகளில் துணிக்குள் அடைபட்ட காற்று மேலே வர உதவவும் செய்யும். நீந்த முயலும்போது காலைச் சுற்றுவதும், வெளியே ஏறும்போது பாரமாவதும்தான் ஆடையால் வரும் கஷ்டம். எனவே விழுந்தவுடன் நீந்த அவசரப்படாமல் முதலில் மிதக்க வேண்டும். தோளில் உள்ள பையை விட்டுவிட வேண்டும். மூச்சு சீரானதும் படகுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்து விலக வேண்டும், ஏனெனில் அலையில் படகு திரும்பி வந்து நசுக்கலாம். இயந்திரம் ஓடும் பின்பக்கம் போகக் கூடாது. பாசிச் சுவரில் ஏறப் பார்த்துப் பலத்தை வீணாக்காமல் ஏணி, படி, சரிவு, தொங்கும் டயர் எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் மெதுவாக நகர வேண்டும்.

கரையில் நிற்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. மூழ்குகிறவர் சினிமாவில் போலக் கத்த மாட்டார், மூச்செடுக்கவே முடியாதவருக்குச் சத்தம் எப்படி வரும்? அமைதியாகவே அமிழ்ந்துவிடுவார். அவரைக் கண்டதும் பாய்ந்துவிடக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர், மூவர் மூழ்கிய செய்திகளை நாம் எத்தனையோ வாசித்திருக்கிறோம். கயிறு, மூடிய வெற்றுக் கான், பெரிய தண்ணீர்ப் போத்தல், மிதக்கும் எதையாவது எறியலாம். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பை நீட்டலாம். வெளியே எடுத்தவர் மூச்சு விடவில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதில் நேரத்தைக் கழிக்காமல் வாயால் மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை ஆரம்பிக்க வேண்டும். உடனே 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எழுந்து நடந்தாலும் இருமல் நிற்காமலோ மூச்சு வாங்கிக்கொண்டோ இருந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனிப் பெற்றோரிடம் வருகிறேன். "பொம்புளப் புள்ளைக்கு நீச்சல் எதுக்கு?" என்ற கேள்வி வரும். நீச்சல் கற்றுக்கொள்வதைப் பயனுள்ள விளையாட்டுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதாக ஹதீஸ் நூல்களில் வந்திருக்கிறது. ஓர் உயிரைக் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மார்க்கம் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அந்த உயிர் சொந்த மகளின் உயிராகவும் இருக்கலாம்.

இது புதிய பழக்கமும் அல்ல. எனது மூத்தம்மாவின் இளமைக் காலத்தில் ஆற்றில் பெண்களுக்கென்று தனியாகக் குளிக்கும் துறை இருந்ததாம். நெஞ்சுக்குக் குறுக்குக் கட்டிக்கொண்டு அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்புவோம் என்று அவர் சொல்லும்போது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது, வீட்டுக்குள் குளியலறை வந்தது, துறை இல்லாமல் போனது. அந்த வசதி நல்லதுதான். ஆனால் அதனோடு மூத்தம்மாமாருக்குத் தெரிந்திருந்த ஒரு கலை பேத்திமாருக்கு வந்து சேராமலே நின்றுவிட்டது.

ஆடையும் தடையாக இருக்க வேண்டியதில்லை. உடலை மறைக்கும் புர்கினி நீச்சலுடையை அவுஸ்திரேலியாவில் வாழும் அஹெதா ஸனெட்டி என்ற முஸ்லிம் பெண் 2004 இல் உருவாக்கினார். அதைவிட எனக்குப் பிடித்தது நெதர்லாந்து நாட்டு முறை. கால்வாய்கள் நிறைந்த அந்த நாட்டில் பிள்ளைகள் நீச்சல் சான்றிதழ் பெறும் பரீட்சையில் உடுப்பும் சப்பாத்தும் அணிந்தபடியே தண்ணீரில் இறங்கி மிதந்து காட்ட வேண்டும். தவறி விழுகிறவர் நீச்சலுடை மாற்றிக்கொண்டு விழுவதில்லை என்பதை அவர்கள் விளங்கியிருக்கிறார்கள். அப்படியானால் நாங்கள் அபாயாவுடனும் ஹிஜாபுடனும் மிதக்கப் பழகுவதுதானே முறை?

"எங்கள் ஊரில் நீச்சல் தடாகம் இல்லையே" என்பார்கள். நான் கேட்பது பதக்கம் வெல்லும் நீச்சல் அல்ல. விழுந்தால் மிதப்பது, மூச்சைச் சீராக்குவது, கரைக்கு வந்து ஏறுவது ஆகிய மூன்றும்தான். இடுப்பளவு தண்ணீர் உள்ள, நீரோட்டமில்லாத, மறைப்புக் கட்டிய ஓர் இடமும், பயிற்றப்பட்ட பெண் ஆசிரியர் ஒருவரும் இருந்தால் தொடங்கலாம். இலங்கையில் உயிர்காப்புப் பயிற்சி வழங்கும் அமைப்புகள் இருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியைகள் இருவர் முதலில் போய்ப் பழகி வந்தால் எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லித் தரலாம். பெற்றோரின் சம்மதத்துடன், தாய்மார் கரையில் நிற்க, பெண்கள் மட்டும் என்ற ஒழுங்குடன் இதைச் செய்ய முடியும். பொத்துவில் அறுகம்பேயில் 2018 இல் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து அலைச்சறுக்குக் கழகமே ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் மிதக்கவாவது பழகக் கூடாதா?

உள்ளூராட்சி மன்றங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ஒவ்வோர் இறங்குதுறையிலும் தண்ணீருக்குள் இறங்கும் ஓர் இரும்பு ஏணி, கயிறு கட்டிய ஒரு மிதப்பு வளையம், பயணிகள் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். எல்லோரும் இறங்கும்வரை படகை முன்னும் பின்னும் கட்டி வைக்க வேண்டும். கோடிக் கணக்கில் செலவாகும் திட்டமல்ல இது. ஏணி இருந்திருந்தால் நானும் விழுந்த இடத்திலேயே ஏறியிருப்பேன்.

ஜூலை 25 ஆம் திகதியை உலக நீரில் மூழ்குதல் தடுப்புத் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2021 இல் அறிவித்தது. உலகில் வருடத்திற்குச் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எங்கள் கல்லூரியில் எத்தனையோ தினங்களைப் பேச்சுப் போட்டியுடனும் சுவரொட்டியுடனும் கொண்டாடுகிறோம். அடுத்த ஜூலை 25 இல் பேச்சுப் போட்டி வேண்டாம். தரம் ஆறு, ஏழு மாணவிகளில் இருபது பேரைத் தெரிவுசெய்து மிதக்கப் பழக்குவோம். கயிறு எறிந்து உதவ உயர்தர மாணவிகள் நாங்கள் வருகிறோம். சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டியவர்கள் நீங்கள்தான், அன்புப் பெற்றோரே.