எண்ணெய் பட்ட கை இழிவா?

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலை படித்துத் தேறியவன். கடற்கரைப் பட்டணம் ஒன்றிலுள்ள துறைமுகத்தில், கிரேன் முதலான இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பராமரிக்கும் பகுதியில், ஓராண்டுக்கு அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, வந்து சேரும்படி அவனுக்கு உத்தரவு வந்திருந்தது. உத்தரவு வந்த வீடு கலியாண வீடு போல் இருக்குமென்று எண்ணிப் போன நாம் அங்கு கண்டது இழவு வீட்டையேயாகும்.

தாயார் ஒரு மூலையில் உட்கார்ந்து, "இத்தனை வருஷம் படிக்க வைத்தது கிரீஸ் துடைக்கிறதுக்காங்க?" என்று நம்மைக் கேட்டார். தாய்மாமன், "பெண் கொடுக்க வருகிறவன் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால், எண்ணெய்ச் சட்டை போடுகிற உத்தியோகம் என்று எந்த முகத்தோடு சொல்வது?" என்றார். பாட்டனாரோ பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான். பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் போய் இரும்பைத் தொடக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். போக வேண்டிய பையன் மட்டும் வாய் திறக்காமல் தூணோரம் நின்றான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

இம்மூவர் பேச்சும் கேட்பதற்கு மூன்றாகத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றேயாகும். உடலால் பாடுபடுகிறவன் இழிந்தவன், உட்கார்ந்து தின்பவன் உயர்ந்தவன் என்று வருணாசிரமக்காரன் நம் தலையில் எழுதி வைத்தான். அந்த எழுத்தை நாம் மேடையில் அழித்துவிட்டு வீட்டில் மறுபடியும் எழுதிக்கொள்கிறோம். அந்தத் தாயார் மீது நமக்குக் கோபமில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேற்றிலும் புழுதியிலும் பாடுபட்டு, பாடுபட்டதற்காகவே "அடே" என்று அழைக்கப்பட்ட குடும்பம் அது. மகனுடைய கையாவது வெள்ளையாக இருக்கட்டுமென்று அவர் ஆசைப்படுவது இயற்கையே. ஆனால், இழிவு கையிலிருக்கும் அழுக்கினால் வந்ததா, அல்லது அந்த அழுக்கை இழிவென்று சொன்னவன் வாயினால் வந்ததா என்பதைத்தான் யோசிக்க வேண்டுமென்கிறோம். சோப்புப் போட்டால் எண்ணெய் போய்விடும். சாஸ்திரம் பூசிய கறை எந்தச் சோப்புக்குப் போகும்?

நிற்க, துறைமுகம் என்பது என்ன என்று சிறிது பார்ப்போம். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகு என்னும் கயிற்றால் தைத்த படகுகளில் அலைக்கு நடுவே ஏற்றியிறக்கினார்கள். அந்தப் படகைத் தள்ளியவன் உயிரைக் கொடுத்து வேலை செய்தான். ஊரில் அவனுக்குக் கிடைத்ததோ கீழ்ஜாதிப் பட்டம். பிறகு துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881ல் புயல் அதை உடைத்தது. கட்டினவர்கள் சமுத்திரராஜனுக்குச் சாந்தி செய்துவிட்டுச் சும்மா இருந்தார்களா? மறுபடியும் கட்டினார்கள். கிழக்கே வைத்த வாயில் உதவாதென்று கண்டபோது அதை மூடி வடகிழக்கில் வேறு வாயில் வைத்தார்கள். காரணத்தைத் தேடினார்கள், காரியம் நடந்தது. அவ்வளவுதான்.

அந்தத் துறைமுக ஆபீசில் 1912ல் கணக்குப் பிள்ளையாக வேலை பார்த்தவர் கணித மேதை ராமானுஜன். அவர் 1914ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்கு, கடல் தாண்டினால் ஜாதி கெட்டுவிடும் என்னும் கட்டுப்பாட்டை மீற வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய மூளையையும் கரையிலேயே கட்டிப் போடப் பார்த்த சாஸ்திரம், கடல் தாண்டி வந்த எந்தச் சரக்கையாவது தீட்டென்று தள்ளி வைத்ததுண்டா? ராமானுஜன் பெருமையைக் குறைப்பது நம் எண்ணமல்ல. அந்த மேஜையில் உட்கார்ந்தவரின் பெயரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லுகிறது. அதே காலத்தில் அதே துறைமுகத்தில் கிரேனைக் கழற்றி மாட்டிய ஒரு பிட்டரின் பெயரையாவது நம்மில் எவராவது சொல்ல முடியுமா என்றுதான் கேட்கின்றோம். அவன் இல்லாமல் எந்தச் சரக்குக் கணக்கு ஏட்டில் ஏறியிருக்கும்?

இன்றும் அப்படித்தான். தூத்துக்குடியில் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கரியைத் தூக்கும் இயந்திரத்தில் ஒரு பேரிங் இறுகி நின்றால் கரி நிற்கும். கரி நின்றால் கோயில் கோபுரத்து விளக்கும் எரியாது, ஒலிபெருக்கியும் கத்தாது. சாமிக்கு வெளிச்சம் கொடுக்கிறவன் எண்ணெய்ச் சட்டைக்காரன். அவனுக்குப் பெண் கொடுப்பது கௌரவக் குறைவாம்!

இனி, பாட்டனார் சொன்ன ராகு காலத்துக்கு வருவோம். துறைமுகத்து கிரேனில் சுமையைத் தாங்குவது எஃகு இழைகளை முறுக்கித் திரித்த கம்பி வடம். கடற்கரையின் உப்புக் காற்று ராவும் பகலும் அதைத் தின்றுகொண்டே இருக்கிறது. எண்ணெய் வற்றிய வடம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துருப்பிடித்திருக்கும். அத்தகைய வடத்தை எப்போது தள்ளுவது என்பதற்குத் துறைமுக வேலையில் நெடுநாளாகக் கையாண்டு வரும் விதி ஒன்றுண்டு. வடத்தின் குறுக்களவைப் போல் எட்டு மடங்கு நீளத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் கண்ணுக்குத் தெரியும்படி அறுந்துள்ள இழைகளை எண்ண வேண்டும். அவை மொத்த இழைகளில் 100க்கு 10க்கு மேற்பட்டால் வடம் உதவாது. உதாரணமாக, ஒரு புரிக்கு 19 இழையாக 6 புரி கொண்ட வடத்தில் 114 இழைகள். வடத்தின் குறுக்களவு 20 மில்லிமீட்டரானால் 160 மில்லிமீட்டர் நீளத்துக்குள் பார்க்க வேண்டும். அதில் 12 இழை அறுந்திருந்தால் அந்த வடத்தைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். பதினொன்றா, பன்னிரண்டா என்பதை எந்த ஜோசியன் சொல்லுவான்? குனிந்து, துடைத்து, விரல் வைத்து எண்ணுகிற அந்த எண்ணெய்க் கைக்குத்தான் தெரியும். அறுகிற வடம் நல்ல நேரத்திலும் அறும்; அறாத வடம் ராகு காலத்திலும் அறாது.

1979ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் துறைமுக வேலைக்கென்று செய்த ஒப்பந்தத்திலே, சுமை தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி வாய்ந்தவர் முழுவதும் பரிசோதிக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. நமது நாட்டிலும் 12 மாதத்துக்கு ஒரு முறை ஒன்று தவறாமல் நடக்கிறது. அது ஆயுத பூசை! அன்று கிரேனுக்கு மாலை, கொக்கிக்கு எலுமிச்சம்பழம், ஸ்பேனருக்குச் சந்தனப் பொட்டு. மறு நாள் அதே ஸ்பேனரைப் பிடித்தவன் ஊருக்குப் போனால் அவனுக்குத் திண்ணைக்கு மேல் இடமில்லை. கருவிக்குக் கும்பிடு, கருவி பிடித்தவனுக்கு இழிவு என்றால், இது பக்தியா, அல்லது பாடுபடுகிறவன் கண்ணில் மண் போடும் தந்திரமா?

"பொட்டு வைத்தால் என்ன நஷ்டம்? மனதுக்கு ஒரு திருப்திதானே?" என்று சில மிதவாத நண்பர்கள் கேட்பார்கள். அந்தத் திருப்திதான் நஷ்டம் என்கிறோம். சாமி பார்த்துக்கொள்ளும் என்று திருப்தியடைந்தவன் பிரேக் லைனிங் தேய்ந்ததைப் பார்க்க மாட்டான். சுமை எல்லைக்கு மேல் ஏறாமல் தடுக்கும் சுவிட்சை, வேலை சீக்கிரம் முடியட்டுமென்று ஒருவன் கம்பி போட்டு இணைத்திருந்தால், அதையும் பார்க்க மாட்டான். 2020 ஆகஸ்டு 1ந் தேதி விசாகப்பட்டினத்திலுள்ள கப்பல் கட்டும் தளத்தில், சோதனை நடந்துகொண்டிருக்கையிலேயே ஒரு பெரிய கிரேன் சரிந்து 11 பேர் மாண்டார்கள். அது துறைமுகமல்ல, கப்பல் கட்டும் இடந்தான் என்றாலும், சுமை தூக்கும் இயந்திரம் எங்கும் ஒன்றே. அதன் பிறகு என்ன செய்தார்கள்? பஞ்சாங்கக்காரனை அழைத்தார்களா? விசாரணைக் கமிட்டிதான் போட்டார்கள். பதினோரு பிணம் விழுந்த பிறகு தேடுகிற காரணத்தை விழுவதற்கு முந்தியே தேடுவதற்குப் பெயர்தான் பராமரிப்பு. அதைக் கற்றுக்கொள்ளவே அந்தப் பையனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லுவதனால், துறைமுகப் பட்டறையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தப் பையன் சேர்ந்த பிறகு நமக்கு எழுதியிருக்கிறான். முதல் இரண்டு வாரம் அவன் கையில் கொடுத்தது ஸ்பேனரல்லவாம். டீ வாங்கும் பிளாஸ்க்காம்! மேல்ஜாதியான் இழிவாய் நடத்தியபோது வயிறெரிந்த நாமே, நமக்குக் கீழே ஒரு சின்னப் பையன் வந்தவுடன் அவனை எடுபிடியாக்குகிறோம். இதுவும் வருணாசிரமமே! மணையில் பார்ப்பான் இருந்தால் என்ன, பழைய பிட்டர் இருந்தால் என்ன?

ஆதலால் தொழில் பழகப் போகும் வாலிபர்கள் தங்கள் உரிமையைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். 1961ல் செய்யப்பட்ட அப்ரண்டிஸ் சட்டம், தொழிலைக் கற்றுக்கொடுப்பது முதலாளியின் கடமை என்றும், ஊக்கத்தோடு கற்றுக்கொள்வது பழகுநரின் கடமை என்றும் சொல்லுகிறது. டீ வாங்குவதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. வேலையிலே அடிபட்டால் நஷ்ட ஈடு கேட்கவும் பாத்தியமுண்டு. பயிற்சி இடங்களில் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 1973லும், பிற்படுத்தப்பட்டோருக்கு 2007லும் ஒதுக்கீடு சேர்க்கப்பட்டது. இவை எவனும் போட்ட பிச்சையல்ல, கேட்டுப் பெற வேண்டிய பங்கு.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது யோக்கியமாகாது. பழகி முடித்தவனுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டுமென்ற கட்டாயம், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலொழிய, முதலாளிக்கு இல்லை. ஆகவே ஓராண்டு கழித்து வெறுங்கையோடு வெளியே வர நேரலாம். வெறுங்கையோடு வந்தாலும் வெறுந்தலையோடு வரக் கூடாது என்பதே நம் யோசனை. தினம் கண்டதை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். எந்த இயந்திரம், என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். "எப்படி?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், "ஏன்?" என்றும் கேளுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்தி, பூட்டி, அட்டை மாட்டி, சாவி உங்கள் பையில் இருந்தாலன்றி ஓடும் இயந்திரத்துக்குள் கையை விடாதீர்கள். "எத்தனையோ வருஷமாய் இப்படித்தான் செய்கிறோம்" என்று எவரேனும் சொன்னால், சாஸ்திரக்காரனும் இதைத்தான் சொன்னான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. மகனை மட்டுமல்ல, மகளையும் அனுப்புங்கள். இழையை எண்ணுவதற்கு மீசை தேவையில்லை. அடுப்பங்கரையில் புகையையும் கரியையும் தொடும் பெண்ணின் கை, பட்டறையில் கிரீஸைத் தொட்டால் மட்டும் கெட்டுவிடும் என்பது யார் சௌகரியத்துக்காகச் சொன்ன பேச்சு?

கடைசியாக அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். "பெரியவரே, ராகு காலத்தில் கப்பல் கரைக்கு வந்தால் சரக்கை இறக்காமல் திருப்பி அனுப்பி விடுகிறார்களா?" என்று பாட்டனாரைக் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை, பஞ்சாங்கத்தை மூடவுமில்லை. தாயாரிடம், "அம்மா, அவனையே ஒரு தடவை கேளுங்கள்" என்றோம். அப்போதுதான் பையன் தூணை விட்டு வந்து, "நான் போறேன்மா" என்றான். வெள்ளிக்கிழமை 11 மணிக்கே போய்ச் சேர்ந்தான். நாமும் வாசல் வரையில் கூடப் போயிருந்தோம். போன வாரம் வந்த கடிதத்தில், கப்பி ஒன்றைக் கழற்ற விட்டார்கள் என்றும், வடத்தில் ஒன்பது இழை அறுந்திருந்ததைத் தானே எண்ணிச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறான். கடிதத்தின் ஓரத்தில் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. அதை அந்தத் தாயாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அதைத் துடைக்கவில்லை.

தோழர்களே! உங்கள் ஊரிலும் இப்படி உத்தரவு வந்து, பெட்டியில் கிடக்கும் வீடு இருக்கலாம். அங்கே போங்கள். பஞ்சாங்கத்தை மூடச் சொல்லுங்கள், பையனைப் பேசச் சொல்லுங்கள், பெண்ணையும் பேசச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட கையைப் பிடித்துக் குலுக்க வெட்கப்படுகிறவன் எவனாயிருந்தாலும், அவன் கறுப்புச் சட்டையே போட்டிருந்தாலும், அவனுக்குச் சுயமரியாதை இன்னும் வரவில்லை என்றே சொல்லுவோம்.